புல்லட் சத்தமும் வீட்டுப் பெருமையும்

புல்லட் வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லாதவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. அப்பா வேலை முடிந்து திரும்புகிறார்கள் என்பது மாதா கெபி இருக்கும் முனையிலேயே எங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதைக் கேட்டவுடன் அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பார்கள். இதை எல்லாரும் ஒரு பெருமையாகவே பேசி வந்தோம், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தத்தில் பாதி புல்லட்டின் சொந்தச் சத்தமே அன்று, புகைக்குழாயின் பொருத்தில் ஏற்பட்ட ஒழுக்கின் சத்தம் என்பதை இந்த ஆண்டுதான் அறிந்துகொண்டேன். கூரை ஒழுகினால் ஓடு மாற்றுகிறோம். குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுகிறோம். மோட்டார் சைக்கிள் ஒழுகினால் மட்டும் அதற்குக் கம்பீரம் என்று பெயர் சூட்டுகிறோம். இது நியாயந்தானா?

ஆண்டு மலருக்கு இப்படியொரு கட்டுரையா என்று என் தோழியர் சிரித்தார்கள். “காலம் பொன் போன்றது” என்று எழுதினால் போதும் என்றார்கள். அதை ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் எழுதத்தான் செய்கிறார்கள். நான் புகைக்குழாயைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 1987ஆம் ஆண்டு மாடல் என்ஃபீல்டு புல்லட் 350. அப்பா தம் திருமணத்துக்கு முன்பே இதைப் பழைய வண்டியாக வாங்கினார்களாம். 1955இல் சென்னையில் தொடங்கிய நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. வார்ப்பிரும்பு சிலிண்டர், அதன்மேல் அலுமினியத் தலை, 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் வீச்சு, ஆக மொத்தம் 346 கன சென்டிமீட்டர். ஒரே ஒரு சிலிண்டர்தான். நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெந்த வாயு வெளியேறும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது வெளியேற்று வால்வு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு திறப்பிலும் ஓர் உதை. அத்தனை உதையையும் வாங்கி, அடக்கி, பின்னால் கொண்டுபோய் விடுவதுதான் குழாயும் சைலன்சரும் செய்யும் வேலை.

இந்தப் பழைய எஞ்சினில் அந்தக் குழாய் சிலிண்டர் தலையோடு போல்ட்டால் முடுக்கப்படுவதில்லை என்பது எனக்குப் பெரும் வியப்பாயிருந்தது. ஜாவா, எஸ்டி வண்டிகளில் மரையுள்ள பெரிய வளைய நட்டு ஒன்று குழாயைப் பிடித்துக்கொள்ளும். புல்லட்டின் இரும்பு எஞ்சினிலோ குழாயின் நுனி தலையிலுள்ள துளைக்குள் வெறுமனே செருகப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். டம்ளருக்குள் டம்ளர் உட்காருவதைப்போல. இது குறையன்று, குழாயும் துளையும் அளவோடு இருக்கும்வரை, சூட்டில் உலோகம் விரிந்து இறுகிக்கொள்ளும், மயிரிழை இடைவெளி இருந்தால் கரி படிந்து அதுவே அடைத்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குழாய் ஆடக்கூடாது. ஆடாமல் பிடிப்பது துளையன்று. கீழேயும் பின்னேயும் சட்டத்தோடு பூட்டியிருக்கும் பட்டைகளும் போல்ட்டுகளும்தான்.

எங்கள் வண்டியில் எது நடந்ததென்றால், சைலன்சரைப் பின்னால் தாங்கும் போல்ட் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. எங்கள் தூத்துக்குடியின் உப்புக்காற்றில் எந்த நட்டுதான் நிலைத்திருக்கும்! ஒன்று துருவேறி அசைய மறுக்கும், அல்லது துருவேறி உதிர்ந்துபோகும். அந்த இடத்தில் ஒரு கட்டுக்கம்பியைச் சுற்றிவிட்டிருந்தார்கள். கம்பி பிடிக்குமா? சைலன்சரின் பாரமெல்லாம் முன்னாலுள்ள அந்தச் செருகுவாயில் தொங்கியது. மேட்டிலும் பள்ளத்திலும் குழாய் துளைக்குள் ஆடி ஆடி இடம் பெரிதாயிற்று.

முதலில் கேட்டது ‘சட் சட்’ என்று ஒரு மெல்லிய ஒலி, காலையில் கிக்கரை உதைத்தவுடன் கேட்கும், வண்டி சூடானதும் குறையும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோது டேப்பட் சத்தம் என்று சொல்லி அதைத் திருகினார். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த முறை குழாய்வாயைச் சுற்றிப் பசை அப்பினார். பத்து நாளில் அது வெடித்து உதிர்ந்தது. மறுபடி அப்பினார், மறுபடி உதிர்ந்தது. மூன்றாம் முறை தண்ணீர்க் குழாய்க்குப் பூசும் எப்பாக்ஸியை உருட்டி வைத்தார். அது இரண்டாம் நாள் கருகி நாற்றமெடுத்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. காத்திருக்கும் வண்டிகளுக்கு நடுவே பத்து நிமிடத்தில் முடித்துத் தரச்சொன்னது நாங்கள்தானே!

இதற்கிடையில் வேறொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை விட்டவுடன் ‘பட் படார்’ என்று வெடிக்கும். தெருப் பையன்கள் கைதட்டுவார்கள். இது ஏன் என்று பௌதிகம் படிப்பவர்களுக்குச் சொல்லலாம். குழாய்க்குள் வாயு தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வோர் உதைக்குப் பின்னும் ஒரு கணம் அழுத்தம் குறையும். அந்தக் கணத்தில் ஒழுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்சிலேட்டரை மூடும்போது சரியாக எரியாத பெட்ரோல் கலவை குழாய்க்குள் வரும். கலவை இருக்கிறது, சூடு இருக்கிறது, புதிய காற்றும் கிடைத்துவிட்டது. பிறகென்ன, குழாய்க்குள்ளேயே தீபாவளி!

எங்கள் வீட்டில் ஆச்சிக்கு வயது எழுபத்தெட்டு. இரவில் அவர்களுக்குத் தூக்கம் வருவதே அரிது. விடியற்காலையில்தான் கண் அயர்வார்கள். அப்பா ஐந்தரை மணிக்கு வண்டியை நடையில் வைத்தே உதைத்துச் சூடேற்றுவார்கள். நடையை ஒட்டியதுதான் ஆச்சியின் சன்னல். “நெஞ்சுக்குள்ள சுத்தியலால அடிக்கிற மாதிரி இருக்குய்யா” என்று ஆச்சி ஒருநாள் சொன்னார்கள். சொல்லிவிட்டு உடனே, “பரவாயில்ல, உன் வண்டி நல்லாருக்கட்டும்” என்றும் சொன்னார்கள். அதற்குப் பின் அவர்கள் அதைப்பற்றிப் பேசவேயில்லை. பேசாததனால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தம்பி முன்னால் பெட்ரோல் டாங்க்கின்மேல் உட்கார்ந்துதான் ஞாயிறு பூசைக்கு வருவான். (பிள்ளையை முன்னால் வைத்து ஓட்டுவதே தவறு, அதையும் இப்போது நிறுத்திவிட்டோம்.) ரயில்வே கேட்டில் நின்றுவிட்டுக் கோயிலுக்குப் போனால் அவனுக்குத் தலைவலி என்பான். பூசை முடிந்ததும் நடக்கும் மறைக்கல்வி வகுப்பிலிருந்து தப்பிக்கச் சொல்கிறான் என்று நாங்கள் கேலி செய்தோம். ஒழுக்குதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவன் அப்படித் தப்பிக்கக்கூடியவனே. ஆனால் பின்னால் போகவேண்டிய புகை அவன் முழங்காலருகே வந்துகொண்டிருந்தது என்பது உண்மை. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் அது பிடித்துக்கொள்ளும். வண்டி காற்றைக் கிழித்து ஓடும்போது பெரிய தீங்கில்லை. நின்றுகொண்டிருக்கும்போதும், நடையிலும், மூடிய கொட்டகையிலும்தான் அது பொல்லாதது.

“வருஷா வருஷம் புகைச் சோதனையில் பாஸ் ஆகுதே” என்று சித்தப்பா வாதித்தார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரலுக்கு முன் செய்த இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம்வரை அனுமதி உண்டு. எங்கள் வண்டி அதற்குள்தான் வந்தது. ஆனால் சோதனைக்குழலை வைப்பது சைலன்சரின் கடைசி நுனியில். நடுவழியில் ஒழுக்கு வழியே வெளிக்காற்று கலந்துவிட்டால் நுனியில் அளவு குறைந்துதானே காட்டும்? பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து எழுதிப் பாஸாவதற்கும் இதற்கும் வேற்றுமை எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்கவேண்டும் என்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக்க இடந்தருகின்றன. அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் கூடாது. காலைச் செபத்தின்போது பள்ளி வாசலில் மகளை இறக்கிவிட்டு, ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போகும் தந்தைமார் இதைப் படிப்பார்கள் என்பதனால் எழுதுகிறேன். அவர்களுள் என் அப்பாவும் ஒருவராக இருந்தார்கள்.

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அரையாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. முதலில் ஒழுக்கு எங்கே என்று அறியவேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பொருத்துகளின் அருகே கொண்டுபோனேன். சைலன்சரும் குழாயும் சேரும் கிளாம்ப் அருகே புகை நேராக ஏறியது. சிலிண்டர் தலையருகே வந்ததும் துடிதுடித்துச் சிதறியது. பிறகு அப்பா கெட்டியான ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு சைலன்சர் நுனியை இரண்டு நொடி பாதி மூடினார்கள். ‘சட் சட்’ உடனே உரத்துக் கேட்டது. டேப்பட் சத்தமாயிருந்தால் துணியால் அது மாறியிராது. செருகுவாயைச் சுற்றிலும் விசிறிபோலக் கருமை படிந்திருந்ததையும் கண்டோம். அது ஆண்டுக்கணக்காக எங்கள் கண்முன்னேதான் இருந்தது!

கழற்றுவதுதான் கடினம். துருவேறிய நட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் போல்ட் முறிந்துபோகும். அதன்பின் பட்டறைக்குத்தான் போகவேண்டும். குழாயை முன்புறமாக இப்படியும் அப்படியும் சிறிது திருகித் திருகி இழுத்ததும் அது வெளியே வந்தது. அதன் நுனியைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தையல் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. பழைய பசை, கருகிய எப்பாக்ஸி, கரி, துரு எல்லாம் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. அழுக்குத் துணியின்மேல் ஒட்டுப் போட்டால் அருட்சகோதரி ஒப்புக்கொள்வார்களா? பிரித்து, துவைத்து, ஓரத்தை வெட்டிச் சீராக்கிய பிறகல்லவா ஊசியைக் கையில் எடுக்கச் சொல்வார்கள்! இங்கே அந்த முதல் வேலையை ஒருவரும் செய்யாமல் ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. முற்காலத்தில் இத்தகைய பொருத்துகளில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் ஆஸ்பெஸ்டாஸ் வைத்த கேஸ்கெட்டும் தாராளமாகப் பயன்பட்டன. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல்லாண்டுகளுக்குப் பிறகும் புற்றுநோயாக முளைக்கும். பழைய வண்டியில் வெண்மையாக நார் நாராக எதையேனும் கண்டால் வாயால் ஊதவோ உலர்ந்தபடி சுரண்டவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு எடுத்து, பையில் கட்டிவிட வேண்டும். எங்கள் வண்டியில் இருந்தது அதுதானா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல இயலாது, நனைத்தே எடுத்தோம். பட்டறைகளில் வாயால் ஊதி ஊதியே வேலை செய்யும் சிறுவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாயிருக்கிறது. வண்டியை விடும்போது அவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

துளையைக் கம்பித் தூரிகையாலும் குழாயின் நுனியை உப்புத்தாளாலும் தேய்த்தோம். துளைக்குள் தேய்க்குமுன் வெளியேற்று வால்வு மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி வைத்தார்கள் அப்பா. இல்லாவிட்டால் தூள் சிலிண்டருக்குள் விழும். பளபளவென்று உலோகம் தெரிந்த பிறகுதான் உண்மையும் தெரிந்தது. குழாயின் வாய் வட்டமாக இல்லை. சற்றே முட்டை வடிவாகிவிட்டிருந்தது. நல்ல வேளையாகத் தலையிலுள்ள அலுமினியத் துளை அதிகம் தேயவில்லை. இன்னும் ஓர் ஆண்டு கம்பியிலேயே ஓட்டியிருந்தால் அதுவும் நீள்வட்டமாகி, தலையைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வளையம் போடவேண்டி வந்திருக்கும். ஒரு போல்ட் போடாத சோம்பலுக்கு அவ்வளவு தண்டனை!

குழாயின் வாயை மரக்கட்டை ஒன்றின்மேல் வைத்துத் தட்டி வட்டமாக்கினோம். சூடு தாங்கும் சைலன்சர் பசையை நுனியின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசினோம். இங்கே சாதாரண சிவப்பு சிலிக்கான் பசையை நான் நம்பமாட்டேன். அது ஏறத்தாழ 300 டிகிரி வரைதான் தாங்கும், குழாயின் வாயிலே எரிந்து வரும் வாயு அதைவிட மிகுந்த சூடுடையது. பசை என்பது மயிரிழை இடைவெளிக்குத்தான், ஆட்டத்துக்கு மருந்தன்று. ஆகவே அடுத்த வேலை, அந்தக் கட்டுக்கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, அளவான போல்ட்டும் வாஷரும் நட்டும் போட்டதுதான். என் கருத்தில் அன்றைய தினத்தின் உண்மையான பழுதுபார்ப்பு இதுவே. ஒழுக்கு முன்னால், காரணம் பின்னால். மூன்று முறை பசை பூசியும் நிற்காததன் இரகசியம் அதுதான்.

பூட்டும்போது எதையும் முதலில் இறுக்கக்கூடாது. எல்லா போல்ட்டையும் விரலால் முடுக்கி வைத்து, மரச்சுத்தியலால் குழாயைத் துளையின் அடிவரை தட்டிச் செலுத்தி, குழாயும் சைலன்சரும் தம்மியல்பாக எங்கே உட்காருகின்றனவோ அங்கே விட்டு, பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்கவேண்டும். பின்னால் முதலில் இறுக்கினால் குழாய் வில்லைப்போல வளைந்து நின்று மறுநாளே இடத்தைவிட்டு நகரத் தொடங்கும். இரவு முழுதும் பசையைக் காயவிட்டு, மறுநாள் பூசைக்குப் பின் ஓட்டி, ஆறியதும் மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் முடுக்கினோம்.

சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, “பொம்பளப் பிள்ளை கையெல்லாம் கரி. இது உனக்கு எதுக்கு?” என்றார்கள். எதற்கு என்றால், அந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் பெரும்பாலோர் வண்டியை ஓட்டாதவர்கள். ஓட்டுகிறவருக்குக் காற்று கிடைக்கிறது, பெருமையும் கிடைக்கிறது. சன்னலருகே படுத்திருக்கும் ஆச்சிக்கும், நடையைப் பெருக்கும் அம்மாவுக்கும், டாங்க்கின்மேல் உட்காரும் பிள்ளைக்கும் என்ன கிடைக்கிறது? வண்டியின் பழுதை ஓட்டுகிறவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டால் அது கண்டுபிடிக்கப்படுவதேயில்லை. ஏனென்றால் அவருக்கு அது இனிய கானமாக இருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பது பெண்ணுக்கு அழகா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கைக்கரி, தேங்காயெண்ணெயும் சோப்பும் போட்டால் போய்விடுகிறது.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புல்லட்டுக்கென்று ஓர் ஓசை உண்டு. ஆழமாக, நிதானமாக, ஒவ்வொன்றாக எண்ணக்கூடியபடி வரும் ‘தம் தம்’ என்னும் அந்த ஓசை எனக்கும் பிடிக்கும். ஒழுக்கு இருந்தவரை அதை நான் சரியாகக் கேட்டதேயில்லை. சைலன்சருக்குள் இருப்பவற்றை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டும் அண்ணன்மாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அப்பா வண்டியை நடையில் உதைக்கவில்லை. தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் உதைத்தார்கள். அது என் வேலையன்று, அவர்களாகவே செய்தது. ஏழு மணிக்கு எழுந்த ஆச்சி, “ஏட்டி, உங்கப்பன் இன்னைக்கி வேலைக்குப் போகலியா, காய்ச்சலா?” என்று கேட்டார்கள்.

குளிர்ந்த எஞ்சினை உதைக்கும்போது முதல் அரை நிமிடம் மிக மெல்லியதாக ஒரு ‘சட்’ இன்னும் கேட்கிறது. குழாயின் வாய் முழு வட்டமாகவில்லை என்று நினைக்கிறேன். பொதுத்தேர்வு முடிந்ததும் அதை மறுபடி கழற்றிப் பார்க்கவேண்டும். அதற்குள் யாரும் பசையை எடுத்துக்கொண்டு வரக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.